ஒன்பது மரம், ஒரே உயரம்

ஷாகிராவுக்கு ஒரு கெட்ட பழக்கம். மரவாடிக்கு வருகிற கட்டைக்கு விலை சொல்வதற்கு முன் அதன் ஊர் எது, வயசு என்ன, கூடப் பிறந்தது எத்தனை என்று விசாரித்தாக வேண்டும் அவளுக்கு. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அவ்வளவு குடைய மாட்டார்கள். கணவர் ஷரஃபுதீன் மரம் வாங்க வெளியூர் போனால் சைதாப்பேட்டை மரவாடி அவள் பொறுப்பு. அந்த நாட்களில் பாதி வேலைதான் நடக்கும் என்பது ரம்பம் ஓட்டும் அறிவு என்பவனின் நெடுநாள் புகார்.

அன்று காலை மினி லாரியில் ஒன்பது குமிழ்க் கட்டைகளோடு வேலம்மா வந்து இறங்கினாள். உத்திரமேரூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம், வரப்பெல்லாம் குமிழ் மரம். கட்டைகளை நல்ல பலகை விலைக்குக் கேட்டாள். ஆனால் வயல்மரம் என்றாலே அறிவுக்கு ஆகாது. துணிக்கொடி கட்ட, வேலி பிடிக்க என்று யாராவது ஆணி அடித்திருப்பார்கள். மரம் அதை விழுங்கிவிட்டு ஒன்றும் அறியாததுபோல நிற்கும். ரம்பம் அதில் பட்டால் பிளேடு தெறிக்கும். அவன் முழங்கையில் அதற்கு அத்தாட்சியாக ஒரு தழும்பு இருந்தது. ஆணி இருக்கிற மரம் விறகுக்குத்தான் என்பது மரவாடிச் சட்டம்.

"எம் மரத்துல ஒரு ஆணி அடிக்க உட்டதில்ல பாயம்மா. கொடிக்குக்கூட கயிறுதான்" என்றாள் வேலம்மா.

மால் வாசலில் பையைத் தடவிப் பார்ப்பார்களே, அதுபோன்ற கருவியை அறிவு எடுத்து வந்து முதல் கட்டையின் மேல் ஓட்டினான். பீப் என்றது. இரண்டாவதும் பீப். மூன்றாவதும்.

"பாத்தியா பாபி? எல்லாத்துலயும் கீது. நான் சொன்னா யாரு கேக்குறா?" அறிவுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. விறகுக் குவியல் பக்கம் கையைக் காட்டினான்.

வேலம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "அப்படிச் சொல்லாதீங்க. இது பலகைக்குப் போவலேன்னா மிச்சம் முப்பத்தோரு மரத்தையும் வெட்டிட்டு, மண்ணெடுக்க நெலத்த செங்கல் சூளைக்கு உட்டுருவேன்னுட்டாரு எங்க ஊட்டுக்காரரு. நெழல்ல வேர்க்கடல வரலன்னு அவருக்குக் கோவம். வரப்போரம் கருணைக்கெழங்கு போட்டுப் பாத்தேன், அது நல்லா வருது. தழைய வெட்டிப் போட்டு பதினோரு ஆடு வளக்கறேன். அவரு கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது."

ஷாகிராவுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அவளை நகரவிடாமல் நிறுத்தியது இரக்கம் இல்லை, வேறொன்று. மூன்று கட்டையிலும் கருவி ஏறக்குறைய ஒரே இடத்தில்தானே கத்தியது? டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அடியிலிருந்து நாலடிக்குக் கொஞ்சம் மேல். மற்ற ஆறு கட்டைகளையும் உருட்டிச் சோதிக்கச் சொன்னாள். அறிவு முனகிக்கொண்டே உருட்டினான். ஆறிலும் அதே நாலடிச் சொச்சம். வேறெங்கும் சத்தமே இல்லை.

கொடி கட்டுகிறவன் கை எட்டிய இடத்தில் அடிப்பான். வேலிக்காரன் மூன்று இடத்தில் அடிப்பான். இத்தனை ஒழுங்காக, ஒன்பது மரத்திலும் அளந்து அடிக்கிற பொறுமைசாலி யார்? ஷாகிராவுக்கு அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் மதியச் சோறு இறங்காது.

"அக்கா, இங்க வந்து நில்லுங்க" என்று வேலம்மாவை நிறுத்தி, தரையிலிருந்து டேப்பைப் பிடித்தாள். அதே நாலடிச் சொச்சம் சரியாக மார்புக்கு வந்தது. "இந்த உயரத்துல மரத்துக்கு யாராவது என்னமாச்சும் செஞ்சாங்களா?"

வேலம்மா யோசித்தாள். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"மரக்கன்னு குடுத்தவங்க! நட்டு அஞ்சு வருசத்துல வந்தாங்க. மாருக்கு நேரா நாடா சுத்தி அளந்து, நம்பர் போட்ட தகடு ஒன்னு வெச்சாங்க. ஆடு எக்கிப்போயி அத நக்கி வாயக் கிழிச்சுக்கிச்சு. ஆத்திரத்துல எல்லாத் தகட்டையும் நான்தான் பிச்சுப்போட்டேன். ஆணி உள்ள நின்னுபோனத நெனைக்கவே இல்லியே, பாவி!"

"வருசா வருசம் வந்தாங்களா?"

"வந்தாங்க. எவ்ளோ பெருத்திருக்குன்னு அளப்பாங்க, எழுதிக்குவாங்க."

"உங்கள என்ன கேட்டாங்க?"

"என்னையா? குடிக்கத் தண்ணி கேட்டாங்க."

ஷாகிரா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகு கோபம் வந்தது. நாடா பிடித்து மரத்தை அளந்தவர்களுக்கு, அதன் நிழலில் நிற்கிறவளிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே!

"அறிவு, ஆணி இருக்கிற இடம் ஒரு சாண். அத மட்டும் அறுத்துத் தள்ளு. அடித்துண்டு நாற்காலிக்கு ஆவும், மேல ஏழடி கதவுக்கு ஆவும்."

"பிளேடு போச்சுன்னா அண்ணனுக்கு நீதான் பதில் சொல்லணும் பாபி."

"சொல்றேன்."

அறிவு முதல் கட்டையில் ஒரு சாண் துண்டை வெட்டியெடுத்துக் கோடாலியால் பிளந்தான். நடுவுக்கும் பட்டைக்கும் இடையில், கறுத்த கறைக்குள், சுண்டுவிரல் நீளத்தில் ஆணி இருந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு மேல்துண்டு ரம்பத்தில் ஏறியது. வேலம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ரம்பம் ஒரே சுருதியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போயிற்று. வெளிர்மஞ்சள் பலகை ஒன்று மரத்தூளோடு சரிந்து விழுந்தது.

"நல்ல மரம்மா" என்றான் அறிவு. அவன் வாயிலிருந்து அது வந்ததே பெரிது.

"பலகை விலைதான் அக்கா. அந்த ஒரு சாணை மட்டும் கழிச்சுக்கிறேன்."

வேலம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "கல்யாணமாயி மொத எட்டு வருசம், வருசத்துல ஆறு மாசம் சூளையிலதான் பாயம்மா. புள்ளைங்கள மண்ணுல போட்டுட்டுச் செங்கல் அறுப்போம். ஆடு பெருகுன பொறவுதான் ஊட்டுல இருக்கேன். நெலத்தையும் சூளைக்காரன்கிட்ட உட்டா, நான் திரும்ப அங்கதான் போயி நிக்கணும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவருக்குப் போன் போட்டாள். பலகை விலை என்றாள். மிச்ச மரத்தில் ஆணி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது என்றாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். சூளைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருப்பார் போல.

"நெலம் இல்லன்னு சொல்லு" என்றாள் வேலம்மா. "ஆளும் இல்லன்னு சொல்லு."