யாருக்கு என்று கூடவே சொல்

ஹட்டன் பஜாரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் தனுஜாவுக்கு வேலை. தேயிலைத் தோட்டத்து ஆட்களின் போன்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை அனுப்பும் சின்ன நிறுவனம். நிறுவனம் என்று பெரிதாகச் சொல்கிறோம், அவளும், அண்ணன் முறையில் அவள் ‘நானா’ என்று அழைக்கும் ரிஸ்கானும்தான்.

மழை விட்டபாடில்லை. மத்தியானம் சரிவில் நட்டிருந்த கருவி சிவப்புக் காட்டியது. அந்தச் சரிவுக்குக் கீழேதான் அவள் அம்மா பூரணி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

எச்சரிக்கையைத் தொகுத்து அனுப்புவது ‘மேக்’ என்ற கணினி நிரல். எந்த போன்களுக்கு என்பதை ‘யாருக்கு’ என்ற மாறியில் சொல்ல வேண்டும். காலையில் கணினியைத் திறந்ததுமே அதைக் கணினியில் நாள் முழுக்க நிற்கும் சூழல் மாறியாக, ‘எல்லாருக்கும்’ என்று வைத்திருந்தாள். தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை. ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் யார் எந்த மலைக்கு என்று சொல்லிவிட்டால் பொழுது சாயும்வரை அதுதான் பேச்சு. கணினி எந்தப் பெரட்டுக்கு வந்தது, அதைத் தெரிந்துகொள்ள?

‘மேக்’ என்று தட்டினாள். மேசையில் அவள் போன் அலறியது. அப்பாடா என்று மூச்சுவிட்டு அம்மாவை அழைத்தாள்.

“மெசேஜ் வந்துச்சாம்மா?”

“இங்க ஒண்ணும் வரலயே. ஏம் புள்ள?”

“ரிஸ்கான் நானா! தோட்டத்துல யாருக்குமே போகல!”

ரிஸ்கான் ஓடிவந்து பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். “மேக் பாத்து நடக்குற மேக்ஃபைல்ல ‘யாருக்கு = சோதனை’ன்னு நான்தான் எழுதி வச்சேன். எடுக்க மறந்துட்டேன். சோதனை நம்பர் ஒங்க போன் மட்டும்தான். சூழல்ல என்ன வச்சிருந்தாலும் ஃபைல்ல உள்ளதத்தான் அது கேக்கும். கமாண்டோட சேத்துச் சொல்லுங்க, அப்பதான் ஃபைலையும் மீறும்.”

நன்றாக நாலு வார்த்தை கேட்க வாய் துறுதுறுத்தது. அதற்கு இதுவா நேரம்? ‘மேக் யாருக்கு=எல்லாருக்கும்’ என்று அடித்தாள். திரையில் நம்பர்கள் ஓடின. மறுபடியும் அம்மாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் உயிர் போய் வந்தது.

“வந்துச்சு புள்ள, எல்லாருக்கும் வந்துச்சு. கண்டாக்கு ஐயா கொழுந்த நெறுத்துட்டுப் போகச் சொல்றாரு. தராசுகிட்ட நிக்கிறோம்.”

எவ்வளவு பாடுபட்டு அனுப்பிய செய்தி! பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஒரு வார்த்தை சொன்னதும் அது செல்லாமல் போயிற்று. தனுஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஸ்பீக்கர்ல போடும்மா.” அங்கே மழை இரைந்தது. “பூரணி மக தனுஜா பேசுறேன். கூடைய அங்கயே போட்டுட்டுக் கோயில் மேட்டுக்கு ஏறுங்க. இப்பவே ஏறுங்க!”

“யாரு அது? நெறுக்காம ஒருத்தரும் நகரக் கூடாது!” கண்டாக்குவின் குரல்.

பிறகு அம்மா கத்தினாள். எதிர்த்து ஒரு சொல் பேசி அறியாத அம்மா. “ஏய் காளியாயி, எறக்குடி கூடைய! வாங்கடி எல்லாரும்!”

தொடர்பு அறுந்தது. சற்று நேரத்தில் திரையில் சரிவுக் கருவியும் அணைந்தது. ரிஸ்கான் வாய்க்குள் ஓதத் தொடங்கினார். தனுஜா அழைத்தாள், அழைத்தாள், அழுதுகொண்டே அழைத்தாள்.

கடைசியில் அம்மாவே எடுத்தாள்.

“கோயில்ல இருக்கோம் புள்ள, எல்லாரும். கண்டாக்கு ஐயாவும் பின்னாலயே ஓடியாந்துட்டாரு.” மூச்சு வாங்கியது. “தராசு நின்ன எடத்தக் காணோம்.”