பழைய ஜெபத்துக்கு வந்த ஆமென்

சபையில் எல்லோரும் அவனைத் தம்பி பாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இருபத்தொன்பது. கடல் தாண்டி வந்து, ஒரு சலவை நிலையத்தின் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறான். கீழே இயந்திரங்கள் ஓடத் தொடங்கினால் மேலே கட்டில் லேசாக நடுங்கும். ஆவி தரைப்பலகை இடுக்கு வழியாக ஏறி வந்து ஜன்னல் கண்ணாடியில் படியும். வாரத்தில் ஐந்து நாள் அந்த ஆவிக்குள் நின்று ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடிப்பான். மிச்ச நேரமெல்லாம் ஊழியம்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் மூத்த போதகருடையது. தம்பி பாஸ்டரிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள் எண்பத்தாறு பேர். அவர்கள் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் தினமும் ஒரு ஜெபத்தைப் போனில் பேசிப் பதிந்து குழுவில் அனுப்ப வேண்டும். ரயிலில் நின்றபடியே காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, ஆமென் என்று எழுதி அனுப்புவார்கள். முதல் வருடம் அவன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, கண்ணீர் விட்டு ஜெபித்தான். பிறகு ஒரு காலையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு வார்த்தையும் வரவில்லை. வற்றிய கிணற்றில் வாளி தட்டுகிற சத்தம்தான் உள்ளே கேட்டது. வேலைக்கு வேறு நேரமாகிவிட்டது. போன வருடத்துப் பதிவு ஒன்றை எடுத்து அனுப்பினான். ஆமென்கள் வழக்கம்போல வந்து விழுந்தன. மறுநாளும் அப்படியே செய்தான். எட்டு மாதம் ஓடிவிட்டது, ஒருவருக்கும் தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை ஊழியம் செய்கிற ஆண்கள் முப்பது பேர் ஏரிக்கரை விடுதி ஒன்றில் இரண்டு நாள் தியானத்துக்குக் கூடுவார்கள். இந்த முறை அவனுக்கு அறைத்துணை பஸ் பாஸ்டர். வாரநாட்களில் பஸ் ஓட்டுகிறவர். அவனைவிட நாலே மாதம் மூத்தவர். அந்த நாலு மாதத்தை வைத்தே அண்ணன் என்று கூப்பிட வைத்துவிட்டார். அவருடைய குறட்டையும் மேட்டில் ஏறுகிற பஸ்தான்.

இரண்டாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டே ஒரு பதிவைக் கேட்காமல் அனுப்பினான். கால் மணி நேரத்தில் அந்த எண்பத்தாறு பேரில் ஒருத்தியான நர்ஸ் அக்காவின் குரல் பதிவு வந்தது. அவள் கணவர் வெல்டர். நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, மூன்று வாரத்துக்கு முன் இறந்துபோனார். குழியில் முதல் பிடி மண் போட்டவனே தம்பி பாஸ்டர்தான்.

“தம்பி, டியூட்டி முடிஞ்சு வந்துட்டு இருக்கேன். ‘எங்க வெல்டர் அண்ணன் தன் கால்ல நடந்து வீட்டுக்கு வரணும் ஆண்டவரே’ன்னு சொல்லியிருக்கீங்க. நான் ஆமென் போட்டுட்டேன். போட்டப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.”

அவ்வளவுதான். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. பின்னால் ரயில் கதவு மூடுகிற சத்தம் மட்டும்.

அவன் குழுவிலிருந்து தன் பதிவை அழித்தான். ஜெபம் போய்விட்டது, அதற்கடியில் அவளுடைய ஆமென் எதற்கென்று தெரியாமல் தனியாக நின்றது.

ஏரிக்கரைக்கு நடந்தான். மூடுபனி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சலவை நிலையத்து ஆவி அவனைத் தேடி இங்கேயும் வந்துவிட்டது போலிருந்தது. அந்த வெள்ளைக்குள் எண்பத்தாறு பேரும் வரிசையாக நின்றார்கள். உடை தெரிந்தது, தோள்பை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனிதான் இருந்தது. அவன் கிட்டே போகப் போக அவர்கள் அதே தூரத்தில் நின்றார்கள்.

மதியம் கடைசிக் கூடுகை. அதில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் பக்கத்தில் இருப்பவரின் தோளில் கை வைத்து, “உன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைப் பெயர் சொல்லி ஜெபித்தாயா?” என்று கேட்பார். அவர், “கிருபையால் ஜெபித்தேன், இன்னும் ஜெபிப்பேன்” என்று சொல்லி, அடுத்தவர் தோளில் கை வைப்பார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தம்பி பாஸ்டருக்கு அடுத்த மாதம் அபிஷேகம், முழு போதகராகிவிடுவான். ஊரில் அம்மா சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். ஒரு வரிதானே, எல்லோரும் சொல்கிற வரிதானே என்று தொண்டை வரை தயாராக வைத்திருந்தான்.

வட்டம் சுற்றி வந்தது. பஸ் பாஸ்டரின் கனத்த கை தோளில் விழுந்தது. கேள்வி வந்தது.

“இல்லண்ணே” என்றான்.

வரி மறந்துவிட்டான் போல என்று நினைத்து பஸ் பாஸ்டர் குனிந்து, “கிருபையால் ஜெபித்தேன்னு சொல்லுடா” என்று எடுத்துக் கொடுத்தார்.

“ஜெபிக்கலைண்ணே. எட்டு மாசமா பழசையே அனுப்பிட்டு இருக்கேன். இன்னிக்குக் காலைல செத்துப்போனவரு வீட்டுக்கு நடந்து வரணும்னு அனுப்பிட்டேன்.”

 மூத்த போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியானால் அடுத்த மாதம் அபிஷேகம் கிடையாது என்றார். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். தம்பி பாஸ்டர் தலையாட்டினான். தரை நழுவும் என்று நினைத்திருந்தான். கால் தரையில்தான் இருந்தது.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து தையல்கடை பாஸ்டர் கையைத் தூக்கினார். அவர் ஏற்கெனவே தன் வரியைச் சொல்லி முடித்தவர்.

“என்னை இன்னொரு தடவை கேளுங்க” என்றார்.

கேட்டார்கள். அவரும் இல்லை என்றார். அதன்பிறகு வட்டம் பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்தது; வரியைச் சொல்லி முடித்தவர்கள் ஒவ்வொருவராக அதைத் திரும்பப் பெற்றார்கள். பஸ் பாஸ்டர், தானும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே ஜெபிப்பதாக வீட்டில் சொல்லிக்கொள்வதாகவும், பாதி நாள் அடிப்பது ஹாரன்தான் என்றும் சொன்னார். சிரித்தார்கள்; சிரித்தவர்களில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவரும் போகவில்லை. முப்பது பேரும் ஏரிக்கரைக்குப் போய், ஆளுக்கொரு பக்கம் நின்று, தங்கள் ஆட்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்கள். மெல்லிய குரல்கள் இன்னும் விலகாத பனிக்குள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, மழை தொடங்கும்போது இலைகளில் எழுமே, அப்படி ஒரு சத்தமானது. தம்பி பாஸ்டர் அறுபத்தொன்று வரை சொன்னான். மற்ற பெயர்கள் நினைவுக்கு வரவில்லை. வெட்கத்தோடு போனை எடுத்துப் பார்த்துச் சொன்னான்.

நர்ஸ் அக்காவின் பெயரில் நின்றுவிட்டான். தனியே நடந்துபோய் அவளைக் கூப்பிட்டான். அது பழைய பதிவு என்று சொன்னான். எட்டு மாதக் கதையையும் சொன்னான். மன்னிப்புக் கேட்டான்.



“ஒரு நிமிஷம் அவரு வர்ற மாதிரியே இருந்துச்சு தம்பி. அதுக்கு உங்களைத் திட்டணுமா என்னன்னு தெரியலை.” பிறகு சொன்னாள்: “மூணு வாரமா தூக்கம் இல்லை. அதுக்கு ஜெபம் பண்ணுங்க. பதிவெல்லாம் வேண்டாம். இப்பவே பண்ணுங்க.”

அவன் கண்ணை மூடினான். வார்த்தை சரளமாக வரவில்லை. திக்கித் திக்கித்தான் வந்தது. ஆண்டவரே, அக்காவுக்குத் தூக்கம் வேண்டும் என்றான். வீடு காலியாக இருக்கிறது, நீர் கூட இரும் என்றான். அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை ஆண்டவரே என்றான்.

மறுமுனையில் ஆமென் வரவில்லை. மூச்சு மட்டும் சீராகக் கேட்டது. தூங்கிவிட்டாளா, பேசத்தான் பிடிக்கவில்லையா, தெரியவில்லை. அவன் போனை வைக்காமல், பனிக்குள் அப்படியே நின்றான்.

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், உங்களுக்காக ஜெபிக்கிற ஊழியக்காரர் ஒருவர் இருப்பார். இன்றைக்கு ஒரு நிமிடம் அவர் பெயரைச் சொல்லி, அவருக்காக ஜெபியுங்கள்.