டாக்டர் சொன்னதன் சுருக்கம்

"இன்னிக்கு நீ உள்ள வர வேணாம், கெழவா" என்றாள் எர்லிந்தா, அடுப்பிலிருந்து திரும்பாமலே.

அபுந்தியோவின் கை சட்டையின் கடைசிப் பொத்தானில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் போடும் சட்டை. மாதா கோயிலுக்குக்கூட அது கிடையாது. அவனுக்கு ஐம்பது, மனைவிக்கு நாற்பத்தாறு. கிழவா, கிழவி என்பது மெக்சிகோவின் மிச்சோவாகானிலிருந்து கூடவே கலிபோர்னியா வந்த செல்லம்.

"நான் வராம உனக்கு யாரு இங்கிலீஷ் பேசுவா? இந்தச் சோள ரொட்டியா?"

"பழக் கொட்டகையில கூட வேல பாக்குறவ சொன்னா. கேட்டாப் போதுமாம், நம்ம பாஷ பேசுறவங்களப் போன்ல புடிச்சுத் தருவாங்களாம். காசு கெடயாது."

"வீட்டு விஷயத்த எவளோ ஒருத்திகிட்டயா சொல்லுவ?"

"என் கால் வீட்டு விஷயமா?"

வலது கால் கட்டைவிரலில் புண் வந்து ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. பழக் கொட்டகையில் எட்டு மணி நேரம் நின்று ஆரஞ்சு தரம்பிரிக்கும் கால் அது.

இரண்டு வருடமாக அவளுடைய சர்க்கரை நோய் அபுந்தியோவின் வாய்வழியாகத்தான் போய்வந்தது. டாக்டர் கால்மணி நேரம் பேசுவார். இவன் தலையாட்டிக்கொண்டே இருப்பான். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "எல்லாம் நல்லாருக்கு, ரொட்டியக் கொறைக்கணும்" என்பான். டாக்டரைத் திருப்பிக் கேட்பது எங்கள் ஊர்க்காரர்களிடம் மரியாதைக் குறைவு. மனைவி எதிரில் புரியவில்லை என்பது அதைவிடக் கேவலம். அவனைக் கேலி செய்ய எனக்கும் வாயில்லை; பல் டாக்டரிடம் இப்படித் தலையாட்டி, வலிக்காத பல்லைப் பறிகொடுத்தவன் நான். நாங்கள் ஓட்டலில் பாத்திரம் கழுவிக் கற்ற இங்கிலீஷில் தட்டு உண்டு, கரண்டி உண்டு. சிறுநீரகம் கிடையாது.

ஆஸ்பத்திரியில் அபுந்தியோ தொப்பியை மடியில் வைத்து டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்தான். உள்ளே, மேசைமேல் இருந்த போனிலிருந்து ஒரு பெண்குரல் பேசியது.

"மாத்திரைய எப்படிப் போடுறீங்கன்னு டாக்டர் கேக்குறாங்க, அம்மா."

"தல சுத்துனா ஒண்ணு."

போன்குரல் அதை இங்கிலீஷில் டாக்டரிடம் சொல்லி, பதிலைக் கேட்டுத் திரும்பியது.

"சுத்துனாலும் சுத்தாட்டியும் தெனம் ரெண்டு வேள, சாப்பாட்டோட போடணும்னு ஒவ்வொரு தடவையும் சொன்னாங்களாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வெரல எடுக்க வேண்டி வந்திருக்குமாம். இப்பக் காப்பாத்திடலாம்கிறாங்க. வேற ஏதாச்சும் கேக்கணுமா?"

"இப்படி முன்னாடியும் கேட்டாங்களா?"

"எப்பவும் கேப்பாங்களாம். அவளுக்குக் கேக்க ஒண்ணுமில்லன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லிடுவாராம்."

எர்லிந்தா கைப்பையைத் திறந்தாள். சோள மாவுப் பையைக் கிழித்து, இரண்டு வருடமாகச் சேர்த்து எழுதிய கேள்விகள். முன்னும் பின்னும் இடமில்லாமல். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்ததும் அபுந்தியோ எழுந்தான்.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாம் நல்லாருக்கு. ரொட்டியக் கொறைக்கணும்."

"இம்புட்டு நேரமும் அதையா சொன்னாங்க?"

"நீ சொல்றப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

அவன் சட்டைப்பையில் ஒரு சீட்டைச் செருகினாள். "அடுத்த புதன் உனக்கு. ஓயாம தண்ணி குடிக்கிறியே, அதுக்கு. போன்ல ஆளு வேணும்னு சொல்லிட்டேன். நான் இதே நாற்காலியில உக்காந்துக்கிறேன்."

அபுந்தியோ தலையாட்டினான்.

"புரிஞ்சு ஆட்டுறியா, மரியாதைக்கு ஆட்டுறியா?"