திருப்பி எடுத்த தட்டு

யதிராஜனை எனக்குப் பிடிக்காது. நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு கோவில் ரங்கவிலாஸ் மண்டபத்தருகே நிற்பான். பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிற தாய்மார்களின் கையில், குசலம் விசாரித்தபடியே நோட்டீஸைத் திணிப்பான். தெற்குச் சித்திரை வீதியில் அவனுக்கு ஒரு டியூஷன் வகுப்பு. வடக்கு உத்திர வீதியில் எனக்கு ஒன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் அவனிடம் பாய் போதாமல் பிள்ளைகள் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். என் வீட்டில் பாய்கள் சுருட்டியபடியே கிடந்தன.

அவன் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ஒரு வரி உண்டு: 'எங்களிடம் படித்த ஒருவர்கூட எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் வாங்காமல் போனதில்லை.' பொய் கிடையாது. அதுதான் என் வயிற்றெரிச்சல். அந்தப் பரீட்சையில் பெயில் என்று ஒன்றே இல்லை. உட்கார்ந்து எழுதினவன் எவனாயிருந்தாலும், வாங்கின மார்க்கைப் போட்டு சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். போதிய மார்க் உள்ளவர்களை மட்டும் காலேஜுக்கு 'எலிஜிபிள்' என்று சொல்லி, அவர்கள் நம்பரைப் பேப்பரில் போடுவார்கள். வாத்தியார்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். பெற்றவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. யதிராஜன் அந்தப் பாதிப் பேரை வைத்துத்தான் பிழைத்தான்.

எங்கள் தெரு மரகதவல்லியும் அந்தப் பாதியில் ஒருத்தி. அவள் புருஷன் பொன்மலை ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. விடிந்ததும் சைக்கிளை எடுத்தால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார். பிள்ளை கோபுவின் படிப்பு முழுக்க அவள் பொறுப்பு. அவனும் அந்தச் சைக்கிளில் ஏறிப் பொன்மலைக்குப் போகக்கூடாது, காலேஜுக்குப் போகவேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

அந்த வருஷம் விஜயதசமியன்று காலையில் அவள் முதலில் என்னிடம்தான் வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், கற்கண்டு. அன்றைக்கு வாத்தியாரிடம் சேர்த்தால் படிப்பு நன்றாக வரும் என்பது நம்பிக்கை. நான் கோபுவை உட்காரவைத்து இரண்டு கணக்குக் கொடுத்தேன். அவன் எழுதினதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க பிள்ளை தேறமாட்டான்" என்றேன். "அல்ஜீப்ரா சுத்த சூன்யம். மாடு மேய்க்கத்தான் லாயக்கு."

நல்ல நாளும் அதுவுமாக யாரும் வாத்தியார் வீட்டில் இப்படி ஒரு பேச்சைக் கேட்டிருக்கமாட்டார்கள். அவள் என் முன்னால் வைத்த தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேரே தெற்குச் சித்திரை வீதிக்குத்தான் போனாளாம். யதிராஜன் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரங்கன் கடாக்ஷம் பரிபூரணமாக இருக்கிறது, பிள்ளை கைக்குச் சர்டிபிகேட் வருவது தன் பொறுப்பு என்றானாம். அதற்குப் பிறகு தெருவில் என்னைக் கண்டால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் சளைக்கவில்லை, திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஜூன் மாதம் கோபுவுக்குச் சர்டிபிகேட் வந்தது. அவள் வீடு வீடாகக் கற்கண்டு கொடுத்துக்கொண்டு வந்தாள். என் வீட்டை மட்டும் விட்டிருக்கலாம். வேண்டுமென்றே படியேறி வந்து, நாலு பேர் பார்க்கத் தட்டை நீட்டினாள்.

"எடுத்துக்கோங்கோ. தேறமாட்டான்னு சொன்ன வாய் தித்திக்கட்டும்."

கோபுவின் நம்பர் பேப்பரில் வரவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். என்னிடம் படித்த பையன்களும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், அடுத்தடுத்த நம்பர்கள். நான் சும்மா இருந்தாலே போதும். அடுத்த வாரம் காலேஜ் வாசலில் அவளைத் திருப்பி அனுப்புவார்கள். எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பான ஆறாம் பாரத்தில் மறுபடி சேர நினைத்தால், பள்ளிக்கூடத்தில் அந்தச் சனிக்கிழமைதான் கடைசி நாள். பையனுக்கு ஒரு வருஷம் சுத்தமாகப் போய்விடும். ஒரு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு அதை வேடிக்கை பார்த்திருக்கலாம். ஆனால் அந்தக் கற்கண்டு யதிராஜனின் பெயரில் வந்த கற்கண்டு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரக்கம் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

சர்டிபிகேட் எல்லாருக்கும் வருவதுதான், காலேஜில் சேர்க்கமாட்டார்கள், சனிக்கிழமைக்குள் பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்த்துவிடுங்கள் என்று சொன்னேன். அவள் முகம் கறுத்தது. அடுத்த வீட்டுப் பிள்ளை முன்னுக்கு வந்தால் சில பேருக்கு வயிறு எரியும் என்று, என்னைப் பாராமல் தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

போனவள் யதிராஜனிடம் கேட்டிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே தன் நோட்டீஸையே எடுத்து நீட்டினானாம். சர்டிபிகேட் என்றுதானே போட்டிருக்கிறேன், காலேஜ் என்று எங்கே போட்டிருக்கிறேன் என்றானாம்.

சனிக்கிழமை மத்தியானம் மரகதவல்லி கோபுவுடன் என் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் மறுபடி சேர்த்துவிட்டு நேரே வருகிறாள். கையில் தட்டு இல்லை. அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"யதிராஜன் சிரிச்சு மழுப்பினார். நீங்க திட்டினேள்" என்றாள். குரல் உயரவில்லை. "கணக்குல எது வரது, எது வரலைன்னு ரெண்டு பேருமே எனக்குச் சொல்லலை. எலிஜிபிள்னு ஒண்ணு இருக்குன்னு விஜயதசமி அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அந்த வாசலை மிதிச்சிருப்பேனா?"

அவள் கேட்கவில்லை, நான் ஏன் சொல்லவேண்டும் என்று வாய் வரை வந்தது.

"இப்ப சொல்லுங்கோ. இவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது? நீங்க சொல்லிக் கொடுத்தா அடுத்த வருஷம் பேப்பர்ல நம்பர் வருமா, வராதா? திட்டாம சொல்லுங்கோ."

நான் கோபுவைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று தெருவுக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னவன் நான். ஆனால் அன்றைக்கு அந்த இரண்டு கணக்குக்குமேல் நான் அவனிடம் எதையும் கேட்டுப் பார்த்ததில்லை.

"தெரியாது" என்றேன்.

"அப்ப உட்காரவெச்சுப் பாருங்கோ. பாத்துட்டுச் சொல்லுங்கோ. நான் இருக்கேன்."

மூலையில் சுருட்டிக் கிடந்த பாய்களில் ஒன்றை எடுத்து அவளே விரித்தாள். அதில் கோபுவை உட்காரவைத்துவிட்டு, நான் பார்த்துப் பதில் சொல்கிற வரையில் போவதில்லை என்று கதவருகில் நின்றுகொண்டாள்.