உப்பு இறங்கிய நிலம்

இடக்கொச்சியில் காயலோரம் இருபது சென்ட் நிலம் குத்தகைக்குக் கிடைத்ததும் ராமாத்தாள் செய்த முதல் காரியம், அங்கே வரிசையாக இருந்த மண்மேடுகளை எல்லாம் வெட்டி நிரவியதுதான். தாராபுரத்துக்காரி. ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடிவிடக் கூடாது என்று பாத்தி கட்டிப் பழகிய கை. பக்கத்து நிலத்து அம்பிளி வேலியோரம் நின்று வாயைப் பிளந்து பார்த்தாள். நம் கைவேலையைக் கண்டு மலைத்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ராமாத்தாள் இன்னும் நேராக வரப்புப் பிடித்தாள். பெருமைக்குக் கேட்கவா வேண்டும்!

அது இரண்டாயிரத்து இரண்டு, ஆவணி. மட்டாஞ்சேரியில் ஒற்றை அறை வீடு. புருஷன் ரங்கசாமிக்கு மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. ஜூ டவுனில் ஓட்டல் நடத்தும் ஷைலஜா, உரமும் மருந்தும் படாத கீரை தந்தால் தினமும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் குத்தகை. சாணமும் மீன் கழிவும் தவிர ராமாத்தாள் எதுவும் போடவில்லை.

கார்த்திகையில், அந்த ஊரார் வேலியேற்றம் என்று சொல்லும் கடல் ஏற்றம் வந்தது. காயல் பொங்கி உப்புத் தண்ணீர் பாத்திக்குள் புகுந்தது. அவள் கட்டிய பாத்தி அல்லவா, சொட்டு விடாமல் தேக்கியது! கீரை கருகியது. பிறகு மூன்று முறை விதைத்தாள். மூன்று முறையும் மண்ணில் வெள்ளை பூத்து, முளை மண்டையைப் போட்டது.

"போதும் புள்ள. காக்கநாட்டுல கட்டட வேலைக்குச் சொல்லிட்டேன். ஆடி ஒண்ணாந்தேதி வண்டி வரும், ஏறிக்க," என்றான் ரங்கசாமி. அவன் மேல் தப்பில்லை. ஆனால் சிமெண்ட் சட்டியை நினைத்தாலே அவளுக்குக் கழுத்து வலித்தது. ஏழு வருஷம் சுமந்த கழுத்து.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஆனி பிறந்த அன்று, மண்வெட்டியை வீட்டுக்கு எடுத்துவரப் போனாள். வாய்க்கால் வெட்டி ஓரமாக வீசியிருந்த மண்குவியலில், யாரும் விதைக்காத சிவப்புக் கீரை தளதளவென்று நின்றது. அந்த மண்ணில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை. நாலடி தள்ளிப் பாத்தி மண்ணை வைத்தாள். கடலேதான்.

வேலிக்கு ஓடி, குவியலில் மட்டும் உப்பு எங்கே போனது என்று கேட்டாள். அம்பிளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மேடு கூட்டினாத்தானே சேச்சி, மழை உப்பைக் கழுவி இறக்கும்? தட்டையா கிடந்தா உப்பும் அங்கேயே கிடக்கும். நீங்க தமிழ்நாட்டுக் கிருஷிக்காரங்களாச்சே, வேற ஏதோ வித்தை கையில உண்டுன்னு நெனச்சேன்!"

ராமாத்தாள் தலையில் அடித்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். கொட்டும் மழையில் ஒற்றையாளாய் நிலம் முழுக்க மேடு கூட்டினாள்; இரண்டு வாரம் மழை கழுவியதும் விதையும் தூவினாள்.

ஆடி முதல் தேதி காலையில் வண்டியோடு ரங்கசாமியே வந்து சேர்ந்தான். மேடு மேடாகச் சிவப்பு முளை. கடலாய்க் கிடந்த இருபது சென்ட்டை, கூலி கேட்காமல், வானம் கழுவித் தந்திருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஏனுங்க, நாக்குல வெச்சுப் பாருங்க," என்று ஒரு கிள்ளு மண்ணை நீட்டினாள்.

வைத்துப் பார்த்தான். நம்பாமல் அடுத்த மேட்டுக்குப் போனான். அதற்கடுத்ததற்கும். ரோட்டில் ஹார்ன் அடித்தது.

"நீ போயி வண்டியப் போகச் சொல்லு புள்ள," என்றான், குனிந்தபடியே. "நான் அந்தக் கடைசி மேட்டையும் பாக்கோணும்."