முயன்றதாக ஒரு கையெழுத்து

ஓட்வாரைக் குளிப்பாட்டப் போய் அடி வாங்காதவர் அந்த முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடியில் யாரும் இல்லை. நாற்பது வருடம் ஃபியோர்டு எனும் கடற்கழியைக் கடக்கும் படகில் இயந்திரம் ஓட்டிய கை. மறதி நோய் மற்றதையெல்லாம் கொண்டுபோன பிறகும், எண்பத்தாறு வயதில் அந்த வலு மட்டும் போகவில்லை. ஆனால் தொடையிடுக்கில் தோல் வெந்து புண்ணாகத் தொடங்கியிருந்தது. கழுவாமல் விடவும் முடியாது.

பிடித்து வைத்துக் கழுவ நார்வேயின் சட்டம் இடம் தருகிறது. அதற்கு முன்னால் அவருடைய நம்பிக்கையைப் பெற முயன்றிருக்க வேண்டும். யார், எப்போது, எப்படி முயன்றார்கள் என்று எழுதி, அவருக்குப் பொறுப்பான நர்ஸ் கையெழுத்திட வேண்டும். பொறுப்பான நர்ஸ் ரக்னா.

திங்கட்கிழமை காலை தலைமை நர்ஸ் ஹில்டூர் தாளை நிரப்பியே கொண்டுவந்தார்.

"கையெழுத்து மட்டும் போடும்மா. நாளையிலேருந்து ரெண்டு பேர் பிடிச்சுக்கலாம், ஒருத்தர் கழுவிடலாம். பத்து நிமிஷ வேலை."

ரக்னா படித்தாள். 'ஞாயிறு, பத்தரை மணி. ரக்னா அரைமணி நேரம் அருகில் அமர்ந்து, காபி கொடுத்துப் பேசிப் பார்த்தாள். பலனில்லை.'

"ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு நான் சர்ச்ல பாடிட்டு இருந்தேன்."

"தெரியும்."

"உங்க பக்கத்துலதான் நின்னேன், ஹில்டூர்."

"ஆமா, மூணாவது பாட்டுல சுருதியை விட்ட. அதையும் எழுதணுமா?"

ரக்னாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வழியே போயிற்று.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முழுநேர வேலைக்கு ஆள் முடிவு பண்ணணும். உன் பேர்தான் மேல இருக்கு," என்றார் ஹில்டூர். மிரட்டலாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதனால்தான் அது உறைத்தது. ஏழு வருடமாக ரக்னாவுக்கு அறுபது சதவீத நேரத்துக்கு மட்டுமே வேலை. மற்ற நாட்களில் யாராவது காய்ச்சலில் படுத்தால்தான் அழைப்பு வரும்.

"என் லீவு நாள்ல வந்து, நெசமாவே முயற்சி பண்றேனே."

"சம்பளமில்லாம வேலை வாங்கினேன்னு யூனியன் என்னை வறுத்து எடுத்துடும். உன் நல்ல மனசுக்கு டியூட்டி சார்ட்ல இடமில்லம்மா."

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஓட்வாரால் முறையிட முடியாது. அவருக்காகப் பேச இருந்தது அந்தத் தாள் ஒன்றுதான். அதுவும் பொய் பேசினால்?

அவள் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: 'முயலவில்லை. அன்று நான் இங்கே இல்லை.' கையெழுத்திட்டாள்.

ஹில்டூர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய புண்ணியவதி! சரி, ரெண்டு நாள் காலைநேரம் தர்றேன். உன் பொறுப்புல இருக்குற மீதி அஞ்சு பெரியவங்களையும் மத்தவங்க பாக்கணும். அவங்ககிட்ட நீயே சொல்லிக்கோ."

சொன்னாள். உதவியாளர் யோருன் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டே, "மகாராணி காபி குடிக்கப் போறாங்க. நாம மூட்டை தூக்குவோம்," என்றாள். யோருனுக்கு உண்மையிலேயே இடுப்பு வலி.

செவ்வாய் காலை ஈரத்துணி அவள் முகத்திலேயே வந்து விழுந்தது.

"என் பொண்டாட்டியே என்னைக் கழுவினதில்ல. நீ யாருடி?"

"ரக்னா."

"போ, ரக்னா."

வெளியே அழைப்பு மணிகள் அடித்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு மணியும் யோருனின் இடுப்பில் விழுவதுபோல் இருந்தது அவளுக்கு. ஆனாலும் எழுந்து போகவில்லை.

புதன்கிழமை துணி எடுத்துப் போகவில்லை. வெந்நீர்த் தொட்டியைத் தரையில் வைத்து, செருப்பையும் காலுறையையும் கழற்றி, தன் கால்களையே அதற்குள் விட்டாள். நின்று நின்று வீங்கிய கால்கள். தன்னையறியாமல் 'அப்பாடா' என்றாள்.

ஓட்வார் எட்டிப் பார்த்தார். "சூடா இருக்கா?"

"உங்க எஞ்சின் ரூம் மாதிரி."

"உனக்கென்ன தெரியும் என் எஞ்சின் ரூம்?" என்றார். ஆனால் பார்வையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது கால் போர்வைக்கு வெளியே வந்தது.

அவள் ஓடிப்போய் நீரை மாற்றிக்கொண்டு வந்தாள். கால் அங்கேயே இருந்தது. விரல் விரலாகக் கழுவினாள். அவர் அடிக்கவில்லை. வலது காலைக் கேட்டபோது உள்ளே இழுத்துக்கொண்டார்.

வாசலில் ஹில்டூர் நின்றிருந்தார், கையில் சூடாக்கிய துண்டு.

"அந்த முழுநேர வேலை வேற ஆளுக்குப் போச்சு. நேத்தே."

"ம்."

"ஒரு கால்தானா?"

"ஒண்ணுதான். இன்னும் ரெண்டு நாள் காலைநேரம் கொடுங்க, ஹில்டூர்."

தாழ்வாரத்தில் மீண்டும் மணி அடித்தது. ஹில்டூர் திரும்பிப் பார்த்தார், பிறகு துண்டை நீட்டினார்.

"ஒரு நாள் காலை. யோருன் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா."

ரக்னா துண்டை வாங்கி, விரலிடுக்குகளில் ஈரம் நிற்காமல் மெதுவாக ஒற்றத் தொடங்கினாள்.