பூட்டுப் போட்ட டேங்க்

எங்கள் காரிலிருந்து எவனோ முதல் முறை பெட்ரோலை உறிஞ்சியபோது, நான் தெருவில் நின்று கத்திய கத்தலில் எதிர் மாடியில் துணி காயப்போட்டவள் வாளியோடு உள்ளே போய்விட்டாள். டேங்க் மூடியை நெம்பி உடைத்திருந்தான். ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் குழாய் கீழே கிடந்தது. போகிற போக்கில் ஆணியால் கதவு நெடுகக் கீறிவிட்டு வேறு போயிருந்தான். எடுத்ததுதான் எடுத்தான், கீறுவானேன்? கட்டையில் போறவன்.

அன்று செவ்வாய்க்கிழமை. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி காலை ஏழரைக்கு டயாலிசிஸ். மையம் ஊருக்கு வெளியே, முக்கால் மணி நேரப் பயணம். கொஞ்சம் தாமதித்தாலும் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் பங்க்குக்கு ஓடி, கேனில் வாங்கிவந்து ஊற்றி, அவரை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் படுக்கையில் வேறு ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இவர் முப்பது வருடம் கார் மெக்கானிக்காக இருந்தவர். வைத்தியனை வீட்டில் வைத்துக்கொண்டு வெளியில் போவானேன் என்று, டேங்கை எப்படிக் காப்பாற்றுவது என அவரிடமே கேட்டேன். சாவி போட்டுத் திறக்கிற மூடி வாங்கு என்றார். வண்டியை நிறுத்தும்போது மூடி இருக்கும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்து என்றார். இரண்டையும் செய்தேன். மூடியின் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை வண்டி மறுபடியும் கிளம்பவில்லை. டேங்க் காலி. பூட்டு பூட்டினபடி இருந்தது. அன்றும் அவர் படுக்கை அடுத்தவருக்குப் போய்விட்டது.

கீழ்வீட்டு வேன்காரரைப் பிடித்தேன். அவர் வேன் எங்கள் காருக்குப் பக்கத்தில்தான் நிற்கும். வேனில் எப்போதும் ஒரு கேனும் குழாயும் கிடக்கும். அது போதாதா எனக்கு? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். சிகிச்சைக்குப் போகும் நாட்களில் இவர் முழங்கையைப் பிடித்து மாடிப்படி இறக்கிவிடுகிற மனிதர் அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரு போற வண்டியில நான் கை வெப்பனா அக்கா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து மாடி ஏறி வரவில்லை. அந்தச் சண்டை முடியும்வரை என் வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து செருப்பு வாரைத் திருகிக்கொண்டிருந்தார். ஊமைக்கோட்டான்.

அந்த வாரம் அவர் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கின. இன்னொரு நாள் விட்டால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சே நின்றுவிடும் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் டேங்குக்கு வேறு வழி உண்டா என்று மறுபடி இவரிடமே கேட்டேன். குழாய் இறங்காதபடி டேங்க் வாய்க்குள் சல்லடை போடு, நெருக்கமான சல்லடையாக வாங்கு என்றார். அடியில் ஓட்டை போடாமலிருக்கத் தகடு அடி என்றார். என் தையல் கடையை அரை நாள் மூடிவிட்டுப் பட்டறையில் நின்று இரண்டையும் செய்துகொண்டு வந்தேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலை ஆறேகாலுக்குச் சாவியைத் திருகினேன். வண்டி இருமிவிட்டு அடங்கிவிட்டது. டேங்க் காலி.

எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. மையத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். நாலு மணிக்கு ஓர் இடம் இருக்கிறது, அதையும் விட்டால் வியாழன்தான் என்றாள் நர்ஸ். பிறகு பட்டறைக்காரரை அழைத்து, என்ன தகடு அடித்தீர்கள் என்று கிழித்தேன். பாவம், பத்து மணிக்கு வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சல்லடையைப் பார்த்தார். கடைசியில் முன்பக்க பானட்டைத் தூக்கினார்.

"பின்னாடி யாரும் தொடலக்கா. இங்க பெட்ரோல் ட்யூபக் கழட்டி, பம்ப ஓடவிட்டு எடுத்திருக்காங்க. வேல தெரிஞ்ச கை. திரும்ப எவ்வளவு நீட்டா மாட்டியிருக்கான் பாருங்க."

பார்த்தேன். ட்யூபை இறுக்கும் கிளிப்பின் திருகுத் தலை நேராக மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு ரவிக்கையைப் புரட்டினால் எந்தக் கடைத் தையல் என்று சொல்லிவிடுவேன். எந்த மெக்கானிக்கும் கிளிப்பைக் கை போன பக்கம் இறுக்கிவிட்டுப் போவான். தலையை மேலே திருப்பி வைக்கிற ஆள் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவரோடு இருபத்தாறு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். டேங்கைக் காக்க எல்லா வழியும் சொன்னவர் இந்த ஒரு வழியை மட்டும் சொல்லவில்லை. விடிகாலையில் நடக்கப் போகிறேன் என்று தடியை ஊன்றிக்கொண்டு இறங்குவாரே, அது இதற்குத்தான்.

பட்டறைக்காரரை அனுப்பிவிட்டு, படிக்குக் கீழே சாமான் போடும் அறையைத் திறந்தேன். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் நாலு கேன்கள், ஒவ்வொன்றிலும் சாக்கட்டியில் தேதி. இரண்டில் அந்தச் சனிக்கிழமை, இரண்டில் இன்று. பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்ற மனம் வராத மனிதர், தன் உயிரை மட்டும் ஊற்றிவிடுவாராம்.

மேலே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கிளிப்போட தலை மேல பாத்து இருக்கு," என்றேன்.

தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "அடுத்துக் கழட்டறவன் கைக்கு எட்டணும்ல."

அதன் பிறகு நான் பேசியதெல்லாம் எழுதுகிற மாதிரி இல்லை. தெருவில் நான் பைத்தியக்காரி பட்டம் வாங்கியதைச் சொன்னேன். வேன்காரர் முகத்தைச் சொன்னேன். ராத்திரியெல்லாம் உங்கள் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேனே, நான் என்ன மரக்கட்டையா என்று கேட்டேன். என் தொண்டை கட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் பேசினார்.

"மொதத் தடவ திருட்டுப் போச்சுல்ல, அன்னிக்கு மத்தியானம் பூரா ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தேன். ஊசி இல்ல. பக்கத்து ஆளு வாந்தி எடுக்கற சத்தம் இல்ல. அதே மாதிரி இன்னொரு நாள் வேணும்னு இருந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். கையைக் காலைக் கட்டியாவது கொண்டுபோயிருப்பேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதில்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

கழுத்திலிருந்து டேங்க் சாவியைக் கழற்றி அவர் மடியில் போட்டேன்.

"நாலு மணிக்கு இடம் இருக்கு. இனிமே வர முடியாதுன்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. பூட்டு, தகடு எல்லாத்தையும் பேத்து எறிஞ்சிடறேன். திருடாதீங்க."

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வாயைத் திறந்து அந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடாதே என்று உள்ளுக்குள் மன்றாடிக்கொண்டு நின்றேன்.

"கேன இழுத்துப் போயி வெச்சுட்டேன், தூக்கி ஊத்த என்னால முடியாது," என்றார் கடைசியில். "வேன்காரரக் கூப்பிடு."

போய்க் கதவைத் தட்டினேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லும்போதே அழுகை முட்டிவிட்டது. வேன்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். படியில் இவர் முழங்கையைப் பழையபடி பிடித்தார். நான்தான் எடுத்தேன் என்று இவரே அவரிடம் சொன்னார். "தெரியும்ணே," என்றார் அவர். "கேன எங்கிட்டதான வாங்கினீங்க."

இந்த ஆண்பிள்ளைகளை என்ன செய்வது? இரண்டு பேரையும் அப்போது ஏதாவது கேட்டிருந்தால் கொலைதான் விழுந்திருக்கும்.

வேன்காரர் கேனைச் சாய்த்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையால் இவர் புனலைப் பிடித்துக்கொண்டார். நெருக்கமான சல்லடை, பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. மணி இரண்டரை ஆகிவிட்டிருந்தது.

"இவ்வளவு பொடி சல்லடைய யாரு போடச் சொன்னா?" என்றார்.

"நீங்கதான்," என்றேன். "புனல நேராப் புடிங்க."